சோசலிஸ்டுகள் பதவிக்குப் போகலாமா, திருந்திய அரசியல்வாதியை நம்பலாமா: மலையக வாசகருக்கு ஓர் எளிய விளக்கம்

காணியும் தொழிற்சாலையும் சிலரது தனிச் சொத்தாக இருக்கக் கூடாது, அவை சமூகத்தின் பொது உடைமையாகி அவற்றில் உழைப்பவர்களின் முடிவுப்படி நடத்தப்பட வேண்டும் என்று கருதுபவரைச் சோசலிஸ்ட் என்கிறோம். அப்படிக் கருதும் ஒருவர், இப்போதுள்ள சொத்துரிமையைக் காப்பதற்கென்று அமைந்த ஓர் அரசின் பாராளுமன்றத்துக்கோ பிரதேச சபைக்கோ வாக்குக் கேட்டுப் போகலாமா என்ற கேள்வி ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பழையது. மலையகத்தில் அதற்குத் தனியான கூர்மை உண்டு. வாக்குரிமையைப் பெற்று, இழந்து, பிறகு தவணை தவணையாகத் திரும்பப் பெற்ற சமூகம் இது. தலைவர்கள் கட்சி மாறுவதையும், நேற்று இந்த மக்களை அந்நியர் என்றவர் இன்று தோழராக மேடையேறுவதையும் தேர்தலுக்குத் தேர்தல் பார்க்கும் சமூகமும் இதுவே.

விடை தேடுவதற்கு முன் கேள்வியைச் சற்றுப் பிரித்துக்கொள்ள வேண்டும். தேர்தலில் நிற்பது ஒரு காரியம். வென்று எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து பேசுவது இன்னொன்று. பிறர் அமைக்கும் அமைச்சரவையில் ஒரு நாற்காலியை ஏற்பது முற்றிலும் வேறான காரியம். ஊரின் பாதை, தண்ணீர், குப்பை ஆகியவற்றைக் கவனிக்கும் பிரதேச சபையை நடத்துவதை இவற்றோடு சேர்க்கவே முடியாது. நம்மிடையே நடக்கும் வாதங்களில் பாதி, ஒருவர் முதலாவதைப் பற்றிப் பேச மற்றவர் மூன்றாவதைப் பற்றிப் பதில் சொல்வதால் வருபவை.

இந்த வேறுபாட்டைப் பழைய சோசலிஸ்டுகள் நன்கு அறிந்திருந்தார்கள். மார்க்ஸும் எங்கெல்ஸும் 1850இல் கம்யூனிஸ்ட் கழகத்துக்கு எழுதிய சுற்றறிக்கையில், வெல்லும் வாய்ப்பே இல்லாத தொகுதியிலும் தொழிலாளர் தம் சொந்த வேட்பாளரை நிறுத்த வேண்டும், அப்போதுதான் தம் பலத்தை எண்ணிப் பார்க்கவும் தம் நிலைப்பாட்டைப் பகிரங்கமாக வைக்கவும் முடியும் என்றார்கள். 1871இல் பாரிஸ் நகரத் தொழிலாளர்கள் இரண்டு மாதமளவு நகரை ஆண்டபோது, தெரிவானவரை மக்கள் திரும்ப அழைக்கலாம் என்றும், பொதுப் பணியில் இருப்பவர் தொழிலாளியின் கூலியளவே பெற வேண்டும் என்றும் எழுந்த நடைமுறையை மார்க்ஸ் மிகவும் மதித்தார். ஆகவே தேர்தல் கூடாது என்பது அவர்களது நிலைப்பாடு அன்று. தெரிவாகிப் போனவர் தம்மை அனுப்பியவர்களின் பிடியிலிருந்து நழுவிவிடக் கூடாது என்பதுதான் அவர்களது கவலை.

அமைச்சர் பதவியை ஏற்கலாமா என்ற சிக்கல் 1899இல் பிரான்சில் வந்தது. சோசலிஸ்டான அலெக்சாந்தர் மில்லரான், பாரிஸ் தொழிலாளரின் ஆட்சியைச் சுட்டு ஒடுக்கிய தளபதி கலிஃபே அமர்ந்திருந்த அதே அமைச்சரவையில் சேர்ந்தார். ஜெர்மனியில் ஏறத்தாழ அதே காலத்தில், சிறு சிறு சீர்திருத்தங்கள் சேர்ந்தே சோசலிசம் வந்துவிடும் என்று பெர்ன்ஸ்டைன் வாதிட, சீர்திருத்தத்துக்காகப் போராட வேண்டும், ஆனால் இலக்கைக் கைவிட்டால் பாதை மட்டுமல்ல, போகும் ஊரே மாறிவிடும் என்று ரோசா லக்சம்பேர்க் மறுத்தார். 1914 ஓகஸ்டில் ஜெர்மானிய சோசலிஸ்ட் உறுப்பினர்கள் போர்ச் செலவுக்கு ஆதரவாக வாக்களித்தபோது அவர் அஞ்சியது நடந்தது. ஐரோப்பியக் கதை இந்த அளவில் போதும். நம் மலைகளிலேயே இதைவிடத் தெளிவான உதாரணங்கள் இருக்கின்றன.

1935 டிசெம்பரில் தொடங்கப்பட்ட லங்கா சமசமாஜக் கட்சி, அடுத்த சில மாதங்களில் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்கு நடந்த தேர்தலில் ருவன்வெல்லையில் என்.எம். பெரேராவையும் அவிசாவளையில் பிலிப் குணவர்தனவையும் வெற்றி பெறச் செய்தது. அந்தச் சபையில் இருவரால் ஒரு சட்டத்தையும் நிறைவேற்ற முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தை அவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு, மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத்துரையாக, அதாவது உதவித் தோட்ட அதிகாரியாக, வேலை பழக வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டல் என்ற ஆஸ்திரேலிய இளைஞரின் விவகாரம் நல்ல உதாரணம். தொழிலாளர் நடத்தப்படும் விதத்தைக் கண்டு அவர் சமசமாஜிகளோடு சேர்ந்து, 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் துரைமாரை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். ஒரு வெள்ளைக்காரர் தோட்டத் தொழிலாளர் முன் நின்று வெள்ளைத் துரைமாரைக் குறை சொல்வதைத் தோட்ட முதலாளிகளால் பொறுக்க முடியவில்லை. ஆளுநர் நாடுகடத்தல் உத்தரவு பிறப்பித்தார். கட்சி அவரை மறைத்து வைத்தது. அரசாங்க சபையில் ஆளுநரின் செயலைக் கண்டிக்கும் தீர்மானம் நிறைவேறியது. காலிமுகத்திடலில் பெருங்கூட்டம் நடந்தது. இறுதியில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. சபைக்குள் ஒரு குரல், நீதிமன்றத்தில் ஒரு வழக்கு, திடலில் கூட்டம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. சபையில் இருவர் மட்டும் இருந்து, வெளியே ஒன்றும் இல்லாதிருந்தால், பிரேஸ்கேர்டல் அடுத்த கப்பலில் ஏற்றப்பட்டிருப்பார்.

1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டைப் பகுதியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகம் இன்றும் அவரைத் தன் முதல் தியாகிகளில் ஒருவராக நினைவு கூர்கிறது. அந்தச் சூடு குறித்து விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. பொலிஸ் யாருக்குக் கட்டுப்பட்டது என்ற சண்டை ஆளுநருக்கும் அமைச்சர்களுக்கும் இடையே முற்றி, அமைச்சர்கள் பதவி விலகும் அளவுக்குப் போனது. அதே ஆண்டு ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் பரவின. பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தாமே ஒரு குழுவைத் தெரிவு செய்து, அதைக் கேட்டு நடக்கத் துரையை ஒப்புக்கொள்ள வைத்ததாகக் கட்சியின் வரலாறு சொல்கிறது. பாராளுமன்றத்துக்கு வெளியேயும் தேர்தல் உண்டு, அதுவும் வேலைத்தலத்திலேயே உண்டு என்பதற்கு நம் ஊரில் கிடைக்கும் மிகப் பழைய சான்று அதுதான். சில வாரங்களில் சமசமாஜத் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். சபை உறுப்பினர் என்ற தகுதி என்.எம்.மையும் பிலிப்பையும் காப்பாற்றவில்லை.

வாக்கு வெறும் காகிதம், அதனால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களுக்கு 1947க்குப் பின் நடந்ததே பதில். அந்த ஆண்டுப் பொதுத் தேர்தலில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், நாவலப்பிட்டியில் கே. ராஜலிங்கம், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை என இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்கள் மலைநாட்டிலிருந்து பாராளுமன்றம் போனார்கள். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குக் கை கொடுத்தது. ஆட்சியில் இருந்தவர்கள் அதன் பொருளை உடனே விளங்கிக்கொண்டார்கள். 1948 குடியுரிமைச் சட்டம், 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் என்று வரிசையாகக் கொண்டுவந்து, தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கினார்கள். 1952 தேர்தலில் மலையகத் தமிழர் பிரதிநிதி ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. பயனற்ற ஒன்றைப் பறிக்க யாரும் இவ்வளவு சிரமப்பட மாட்டார்கள்.

இங்கேதான், என் பார்வையில், இந்த முழு விடயத்தின் முடிச்சு இருக்கிறது. 1948இல் சமசமாஜிகளும் அவர்களிலிருந்து பிரிந்திருந்த போல்ஷெவிக் லெனினிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்தார்கள், அதில் சந்தேகமில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதே கட்சிகளின் பேச்சு மாறியதற்குத் தலைவர்களின் குணக்கேட்டை மட்டும் காரணமாகச் சொல்வது எளிது, ஆனால் போதாது. வாக்குக் கேட்டு வாழும் கட்சி வாக்குள்ளவரின் பக்கம் சாயும். தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் இருப்பவருக்கு வாக்கில்லை. தோட்டத்தைச் சுற்றியுள்ள கிராமத்தவருக்கும் தென்மேற்குக் கரையோரத்தவருக்கும் வாக்கு உண்டு. ஆசனங்களை எண்ணத் தொடங்கியதும் லயத்தில் இருப்பவர் அந்தக் கணக்கிலிருந்து சத்தமின்றி விழுந்துபோனார். கொள்கை அறிக்கையில் அவர் பெயர் இருந்தது. பிரசாரத் திட்டத்தில் இல்லை.

நடுவில் 1953 ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நடந்தது. பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திய அரசாங்கத்தை இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் மக்கள் ஒரே நாளில் நடுங்க வைத்தார்கள். அமைச்சரவை ஒரு போர்க்கப்பலில் கூடியது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அமைச்சுப் பதவி எதையும் கையில் வைத்துக்கொள்ளாமலே ஒரு பிரதமரை வீட்டுக்கு அனுப்பிய சமசமாஜக் கட்சி, பதினொரு ஆண்டு கழித்து, 1964 ஜூனில், சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அமைச்சரவைக்குள் நுழைந்தது. என்.எம். பெரேரா நிதியமைச்சரானார். அந்த அரசாங்கம் ஒக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு செய்த ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவும் 300,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறவும் தீர்மானிக்கப்பட்டது. மீதி 150,000 பேரின் தலைவிதி பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்பட்டது. சம்பந்தப்பட்ட தொழிலாளரில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. 1948இல் எதிர்த்துப் பேசியவர்கள் 1964இல் அரசாங்கத்தின் வரிசையில் அமர்ந்திருந்தார்கள். கூட்டணியில் சேர மறுத்து வெளியேறிய எட்மண்ட் சமரக்கொடியும் மெரில் பெர்னாண்டோவும் அந்த டிசெம்பரில் எதிராக வாக்களிக்க, அரசாங்கம் ஒரேயொரு வாக்கினால் கவிழ்ந்தது. அந்த இருவரின் வாக்கைத் துரோகம் என்றவர்களும் உண்டு, நேர்மை என்றவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம்.

1970இல் அந்தக் கூட்டணி தேர்தலில் வென்று மீண்டும் ஆட்சிக்கு வந்தது. இம்முறை கொல்வின் ஆர். டி சில்வாவிடம் பெருந்தோட்டத்துறை அமைச்சும் அரசியலமைப்பு விவகாரமும் இருந்தன. ஒரு சோசலிஸ்டின் கைக்குத் தோட்டத்துறையே வந்துவிட்டது என்பதைவிடப் பெரிய வாய்ப்பு இருக்க முடியுமா என்று தொடக்க வாசகர் கேட்கலாம். நடந்தது வேறு. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக உறுதிப்படுத்திய 1972 அரசியலமைப்பின் சிற்பி அவரே. 1973, 1974 ஆண்டுகளில் உணவுப் பங்கீடு வெட்டப்பட்டு மா விலை உயர்ந்தபோது, வயலோ தோட்டமோ சொந்தமாக இல்லாத லயத்து மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். பலர் வன்னிக்குப் போனார்கள். காணிச் சீர்திருத்தம் வந்தது, ஆனால் அதில் பங்கு கேட்கக் குடியுரிமை வேண்டும். தோட்டங்களை எந்த அமைச்சு நடத்துவது என்ற இழுபறியின் நடுவே 1975 செப்டெம்பரில் சமசமாஜ அமைச்சர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய சட்டம் அடுத்த மாதம் நிறைவேறியபோது, அந்தக் கோரிக்கையை நாற்பது ஆண்டு சுமந்தவர்கள் அரசாங்கத்துக்கு வெளியே நின்றார்கள். துரை மாறினார், லயம் மாறவில்லை. 1977 மே 11ஆம் திகதி தோட்டக் காணி பறிக்கப்படுவதை எதிர்த்த தொழிலாளர் மீது பொலிஸார் சுட்டதில் டெவன் தோட்டத்தின் சிவனு லட்சுமணன் இறந்தார். அதே ஆண்டுப் பொதுத் தேர்தலில் சமசமாஜக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. அரசாங்கம் செய்ததற்கெல்லாம் பொறுப்பை ஏற்று, அரசாங்கம் செய்யாததற்கெல்லாம் பழியையும் ஏற்று அவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. 1978இல் தொண்டமான் ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அவர் சோசலிஸ்ட் அல்ல, அப்படி அவர் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆனால் நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்கு 1988இலும் பின்னர் 2003இலும் சட்டங்கள் மூலம் குடியுரிமை கிடைத்ததில் அரசாங்கத்துக்குள் இருந்து பேரம் பேசும் வழிக்குப் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் 1984இல் ஆண், பெண் தொழிலாளருக்குச் சம சம்பளம் கிடைத்தது தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் செய்ததால். அமைச்சர் பதவி அப்போதும் இருந்தது, வேலைநிறுத்தமும் தேவைப்பட்டது. 1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது அதே அமைச்சர் பதவி அதைத் தடுக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு தொழிலாளியின் சம்பளச் சீட்டை வாசகர் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். மாதத்தில் எத்தனை பேர் (முழு நாள் வேலைப் பதிவு) விழுந்தது, எத்தனை அரைப்பேர், மேலதிகக் கொழுந்து எத்தனை கிலோ என்பது மேலே இருக்கும். கழிவுகள் கீழே வரும்: ஊழியர் சேமலாப நிதி, முற்பணம், தீபாவளிக் கடன், கோயிற் பணம், அவற்றோடு தொழிற்சங்கச் சந்தா. சந்தாவைத் தொழிலாளி தன் கையால் தலைவரிடம் கொடுப்பதில்லை. தோட்ட அலுவலகம் சம்பளத்தில் வெட்டிச் சங்கத்துக்கு அனுப்புகிறது. சங்கம் தன் வருமானத்துக்குத் துரையின் கணக்காளரை எதிர்பார்க்கும் ஏற்பாடு இது. மாதந்தோறும் லயம் லயமாக வந்து சந்தா வாங்க வேண்டிய தலைவர், வாசலில் நிற்கும் பெண்ணின் கேள்விக்கு மாதந்தோறும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்த ஏற்பாட்டில் அந்தத் தொல்லை இல்லை. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் வாக்காளரிடமிருந்து எப்படி விலகிப் போகிறார் என்பதை விளக்க இதைவிடச் சிறிய, இதைவிடச் சரியான மாதிரி எனக்குத் தெரியவில்லை.

பிரதேச சபையைப் பற்றிச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இளைஞர்கள் முதலில் எட்டக்கூடிய பதவி அதுதான். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்ட எல்லைக்குள் செலவிட முடியாதபடி பல ஆண்டுகள் கையைக் கட்டியிருந்தது. தோட்டத்து வாக்கில் சபை அமையும். சபை போட்ட பாதை தோட்ட எல்லையில் நிற்கும். 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இதுபோன்ற தடைகள் எங்கே இருக்கின்றன என்பதை உள்ளே போனவர்களே கண்டுபிடித்து வெளியே சொல்ல முடியும். இந்த அளவில் சபைக்குப் போவதை எதிர்க்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இனி இரண்டாவது கேள்வி. திருந்திவிட்டேன் என்று வரும் அரசியல்வாதியை என்ன செய்வது? ஒவ்வொரு தேர்தலிலும் கட்சி தாவுபவர்களை இதில் சேர்க்கத் தேவையில்லை. அவர்கள் மாற்றியது சின்னம் மட்டுமே, தேர்தல் காலத்தில் பங்கிடும் தகரமும் சீமெந்தும் எந்தச் சின்னத்தின் பெயரால் வந்தாலும் தகரமும் சீமெந்தும்தான். கடினமான உதாரணம் மக்கள் விடுதலை முன்னணி. 1971 கிளர்ச்சிக்கு முன் அது தன் உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. தோட்டத் தொழிலாளரை அந்த விஸ்தரிப்பின் கருவியாக அது காட்டியது. சோசலிசத்தின் பெயரால், நாட்டின் மிக ஒடுக்கப்பட்ட தொழிலாளரை எதிரியின் பக்கம் நிறுத்திய பாடம் அது. 2004இல் அந்தக் கட்சி 39 உறுப்பினர்களோடு கூட்டணி அரசாங்கத்தில் சேர்ந்தது, அடுத்த ஆண்டு வெளியேறியது. 2023 ஒக்டோபரில் அதே கட்சி வழிநடத்தும் தேசிய மக்கள் சக்தி ஹட்டனில் மலையக மக்களுக்கான பிரகடனம் ஒன்றை வெளியிட்டது. 2024 நவம்பரில் அது பாராளுமன்றத்தில் 159 ஆசனங்களை வென்றபோது, நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் தெரிவானார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றம் போனது அதுவே முதல் முறை.

மாற்றம் உண்மையா என்று ஒருவரின் மனத்துக்குள் புகுந்து பார்க்க முடியாது, பார்க்கத் தேவையும் இல்லை. ஹட்டனில் தமிழில் சொன்னதை மாத்தறையில் சிங்களத்தில், தன் பழைய ஆதரவாளர் முன்னால் சொல்கிறாரா என்பதை முதலில் பார்க்கலாம். பழைய பாடத்தால் காயப்பட்டவரிடம் வருத்தம் தெரிவிப்பது நல்லது. அந்தப் பாடத்தைக் கேட்டு வளர்ந்தவரிடம் அது தவறு என்று சொல்வதற்குத்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கும். மாறியதால் அவருக்கு ஏதேனும் இழப்பு வந்ததா, அல்லது வரவு மட்டும்தானா என்பது அடுத்து வரும். அதன் பிறகு அவர் யாருக்குக் கணக்குச் சொல்கிறார் என்ற கேள்வி. நல்ல மனிதர், கெட்ட மனிதர் என்ற பேச்சு இந்த மூன்றுக்கும் பிறகு வந்தால் போதும். கொழுந்து நிறுக்கும் இடத்தில், கணக்கப்பிள்ளை நல்லவர் என்பதற்காகத் தராசைப் பார்க்காமல் எந்தப் பெண்ணும் கூடையை இறக்கிவிட்டுப் போவதில்லை. அதில் அவருக்கு அவமானமும் இல்லை.

தராசைப் பார்க்கும் அந்த உரிமை நம் தேர்தல் முறையில் வாக்காளருக்கு மிகக் குறைவாகவே இருக்கிறது. 1978 அரசியலமைப்பின் கீழ் மாவட்டப் பட்டியலிலிருந்து தெரிவாகும் உறுப்பினரை வாக்காளர் இடையில் திரும்ப அழைக்க வழியில்லை. கட்சி அவரை நீக்கினால் ஆசனம் பறிபோகலாம். ஆகவே கடிவாளம் கட்சித் தலைமையின் கையில் இருக்கிறது, ஊரின் கையில் இல்லை. விருப்பு வாக்கு முறை ஒரே கட்சியின் வேட்பாளர்களை ஒருவரோடு ஒருவர் மோத விட்டு, செலவு செய்யக் கூடியவரை முன்னே தள்ளுகிறது. இந்தச் சட்டம் மாறும் வரை, திரும்ப அழைக்கும் உரிமைக்குப் பதிலாகத் தோட்ட மட்டத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. வேட்பாளர் தெரிவைக் கொழும்புக்கு விடாமல் தோட்டக் கமிட்டிகள் கூடிச் செய்வது, தெரிவானவர் ஒவ்வொரு கூட்டத் தொடருக்குப் பிறகும் தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் நின்று எதற்கு எப்படி வாக்களித்தார் என்று சொல்ல வேண்டும் என முன்னரே எழுதி வாங்குவது, சம்பளத்தில் ஒரு பகுதியைப் பொது நிதிக்குத் தர வேண்டும் என்று நிபந்தனை போடுவது ஆகியவை அவற்றில் அடங்கும். இவற்றுக்குச் சட்டப் பலம் இல்லை என்பது உண்மையே. ஆனால் ஒப்புக்கொள்ள மறுக்கும் வேட்பாளர் யார் என்பது தேர்தலுக்கு முன்பே தெரிந்துவிடும்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு இதுதான். சோசலிஸ்டுகள் தேர்தலில் நிற்க வேண்டும். சபையில் பேச வேண்டும். உள்ளூராட்சியை நடத்தவும் தயங்கக் கூடாது. தம்மால் கட்டுப்படுத்த முடியாத அமைச்சரவையில், வேறு வர்க்கத்தின் கணக்கைச் சமப்படுத்தும் பொறுப்பை மட்டும் ஏற்கக் கூடாது. தாமே பெரும்பான்மை பெற்று ஆட்சி அமைத்தால் என்ன செய்வது என்ற கேள்வி இதற்கு மேல் கடினமானது, ஏனெனில் அப்போது தப்பித்துக்கொள்ள எதிர்க்கட்சி வரிசை இல்லை. பெருந்தோட்டத்துறை இன்று அந்தக் கேள்வியைத்தான் எதிர்கொண்டிருக்கிறது.

சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் அன்றைய ஜனாதிபதி 1,700 ரூபாய் நாட்சம்பளத்தை அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் அது 1,350 ரூபாயில் வந்து நின்றது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் தேசிய மக்கள் சக்தி அரசாங்கம் அதை 1,550 ஆக்கவும், வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கமே மேலும் 200 ரூபாய் தரவும் முன்மொழிந்தது. தொழிலாளியின் கைக்கு 1,750 ரூபாய் வருவது நல்ல செய்தி. அதைக் குறைத்துப் பேச வசதியுள்ளவர்களுக்கே மனம் வரும். ஆனால் அந்த 200 ரூபாய் கம்பனியின் இலாபத்திலிருந்து வரவில்லை, பொதுத் திறைசேரியிலிருந்து வருகிறது. வரி கட்டும் மீனவரும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் தேயிலைக் கம்பனியின் சம்பளச் செலவில் ஒரு பங்கைச் சுமக்கிறார்கள். இது கம்பனிகளைப் பணியவைக்கும் வரைக்குமான இடைக்கால ஏற்பாடா, அல்லது அவர்களோடு மோதாமல் தப்பிக்கும் வழியா? அந்த 200 ரூபாய் எத்தனை ஆண்டு தொடரும், கம்பனியின் கணக்குப் புத்தகங்களைத் தொழிற்சங்கங்கள் பார்க்க முடியுமா, லயம் நிற்கும் காணியின் உறுதி யார் பெயரில் எழுதப்படும் என்பவற்றைத் தம் சொந்த அரசாங்கத்தின் அமைச்சரை நோக்கிச் சபையில் எழுந்து கேட்க மலையகத்திலிருந்து ஆளுந்தரப்பில் தெரிவானவர்களுக்கு முழு உரிமை உண்டு. அந்தக் கேள்விகள் சபைக் குறிப்பேட்டில் ஏறுகின்றனவா என்பதை ஹட்டனிலும் பண்டாரவளையிலும் இருந்து யாரும் படித்துப் பார்க்கலாம். தமிழில் பேசப்பட்டது அந்தக் குறிப்பேட்டில் தமிழிலேயே அச்சாகிறது.